எண்பத்தெட்டும் ஒரு கல் உப்பும்

நீலமேகத்தின் சொற்கள் உவர்த்துறை உப்பளங்களில் விளையத் தொடங்கிய ஆண்டில் மழை உரிய காலத்தில் நின்றது, கடல் உரிய இடத்தில் இருந்தது, பங்குனி வெயில் வழக்கம்போல் பாத்திகளைக் காய்ச்சியது; ஆகையால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. உப்பு வியாபாரி அரியநாயகத்தின் மனைவி ராஜகனி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த புளிக்குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டபோது, குழம்புக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் மிகுந்த மரியாதையுடன், "என் குரல் கேட்கிறதா? ஓவர்" என்று வினவியது, ராஜகனி கரண்டியைக் கீழே வைக்காமலே, "கேக்குது, கேக்குது, செத்த பொறு, கொதிக்கட்டும்" என்று பதில் சொல்லி அடுப்பைத் தணித்தாள்.

குரல் யாருடையது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. உப்பு லாரிகளை எடைமேடையில் நிறுத்தி எடை சொல்லும் குரல்தான் அது. அதை ஊரே நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தது. எடைமேடைப் பொறுப்பாளன் நீலமேகத்துக்கு வயது நாற்பத்தொன்று, மணமாகவில்லை. அரசு நடத்திய தேர்வை எழுதி உரிமம் பெற்று, தன் வீட்டு மாடியறையில் ஒரு வானொலிப் பெட்டியையும் கூரைமேல் ஓர் உயரமான கம்பத்தையும் வைத்திருந்தான். ஒவ்வொரு மாலையும் அந்தப் பெட்டியின்முன் அமர்ந்து, முகம் அறியாத மனிதர்களோடு கடல்களுக்கு அப்பாலும் மலைகளுக்கு அப்பாலும் பேசினான். அமெச்சூர் வானொலிக்காரர்கள் என்று அழைக்கப்படும் அம்மனிதர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வார்கள், வானிலை கேட்பார்கள், உங்கள் குரல் இங்கே இப்படி வந்து சேர்ந்தது என்று தெரிவிப்பார்கள், தம் பேச்சு முடிந்தது, இனி உங்கள் முறை என்பதற்கு ஓவர் என்பார்கள், விடைபெறுவார்கள். இதனால் எவருக்கும் ஒரு பயனும் இல்லை, எவருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, அதனால் ஊர் அதைக் குறைசொல்லவில்லை.

ஆனால் அந்தப் பெட்டிக்குப் பதின்மூன்றே முக்கால் வோல்ட் மின்னழுத்தம் குறையாமல் வேண்டும். குறைந்தால் அது பேசாமல் இருந்துவிடுவதில்லை. வாய்நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுபவரைப் போல், சொல்வது விளங்காமல், அக்கம்பக்கமெல்லாம் தெறிக்கத் தெறிக்கப் பேசும். நீலமேகத்தின் பெட்டி அப்படித்தான் பேசியது, ஏனென்றால் அதற்கு மின்சாரம் தரும் பேட்டரி மாடியில் இல்லை. தொடக்கத்தில் அது அங்கேதான் இருந்தது. ஒருநாள் அதிலிருந்து சிந்திய ஒரு துளி அமிலம், அவனுடைய தாய் தங்கபுஷ்பத்தின் கூறைப்புடவையில் துவரம்பருப்பு அளவுக்கு ஓர் ஓட்டை போட்டது. "இந்தச் சனியன் இனிமே என் சாமி படத்துப் பக்கம் இருக்கக் கூடாது" என்று அவள் ஒரே ஒரு முறை சொன்னாள். அன்றைக்கே நீலமேகம் பேட்டரியையும் அதற்கு மின்னூட்டும் கருவியையும் தூக்கிக்கொண்டுபோய்ப் புறக்கடையின் கோடியில் இருந்த விறகுக் கொட்டகையில் வைத்தான். அங்கிருந்து அழைப்புமணிக்குப் பயன்படும் மெல்லிய கம்பியை இழுத்து, முருங்கை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டுக் கூரையின்மேல் ஏற்றி, மாடியறைக்குக் கொண்டுவந்தான். வெறுமனே இருக்கும்போது அளவுமானியின் முள் பதின்மூன்றைக் காட்டும். அவன் பேசுவதற்காகப் பொத்தானை அழுத்தியதும் முள் பத்துக்குச் சரிந்துவிடும். ஒரு சாண் அகல வாய்க்காலில் எவ்வளவு நீரை இறைத்தாலும் கடைசிப் பாத்தி நனையாது என்பதை அறிந்த ஊர்தான் அது. ஆனால் கம்பிக்கும் வாய்க்காலுக்கும் உள்ள உறவை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வாறு வலுவற்றுப் புறப்பட்ட சொற்களில் பல கம்பத்தின் உச்சியை எட்ட மாட்டாமல் பாதியிலேயே தவறி விழுந்தன. கடற்காற்று அவற்றைப் பொறுக்கியெடுத்துப் பாத்திகளில் சிந்தியது. அவை உப்புநீரில் ஊறி, மறுநாள் வெயிலில் கல்லுப்போடு கல்லுப்பாக இறுகின. காய்ந்திருக்கும்போது அவை வாய்திறப்பதில்லை. ஈரம் பட்டால் பேசும்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், இதற்குமுன் உப்பு ஊமையாக இருந்ததைத்தான் எல்லாரும் ஒரு குறையாக எண்ணியிருந்தார்களோ என்று தோன்றும். உப்பு வாரும் பெண்கள் ஈரவிரலால் கல்லைத் தேய்த்துக் காதருகே பிடித்துத் தரம் பிரித்தார்கள். ‘வணக்கம்’ விளைந்த உப்பு ஊறுகாய்க்குப் போயிற்று, ஏனென்றால் சாடியைத் திறக்கும்போதெல்லாம் அது ஆண்டு முழுவதும் வணக்கம் சொன்னது. ‘வானம் தெளிவு’ விளைந்த உப்பைக் கட்டுமரக்காரர்கள் கஞ்சிக் கலயத்தில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார்கள். ‘கேட்கிறதா’ உப்பை மாமியார்கள் விரும்பி வாங்கினார்கள். ‘மன்னிக்கவும், மீண்டும் சொல்கிறேன்’ என்ற உப்புக்குத்தான் எல்லாவற்றையும்விடக் கிராக்கி. மனைவியிடம் அதைத் தம் வாயால் சொல்ல மனம் வராத கணவன்மார்கள் ஒரு சிட்டிகையை மோரில் கரைத்து அவள்முன் வைத்துவிட்டு வாசல்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். அரியநாயகம் அதற்கென்று தனிப் பை தைத்தார். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் லாரிகள் வந்தன. சிவன்கோயில் மடைப்பள்ளியில் பொங்கல் பேசலாமா என்று குருக்கள் ஒரு வாரம் யோசித்தார். அது மரியாதையாகவே பேசுகிறது, இறைவனிடம் ஓவர் என்று முடித்துப் பதிலுக்கும் காத்திருக்கிறது என்பதால் பேசலாம் என்று தீர்மானித்தார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஊரின் நாவில் ஒட்டிக்கொண்டது எழுபத்து மூன்று. வானொலிக்காரர்கள் விடைபெறும்போது நல்வாழ்த்து என்பதற்குப் பதிலாக எழுபத்து மூன்று என்பார்கள்; உலகெங்கும் அவர்களிடையே அது வழக்கம். நீலமேகம் ஒவ்வொரு மாலையும் அதைச் சொன்னான், ஒவ்வொரு பாத்தியிலும் அது விளைந்தது, ஆகவே பேருந்து நிலையத்தில் வழியனுப்புகிறவர்களும், பெண் பார்த்துவிட்டு எழுகிறவர்களும், கடன் கேட்டு இல்லையென்று திரும்புகிறவர்களும் கைகூப்பி எழுபத்து மூன்று என்று சொல்லிப் பிரிவது உவர்த்துறையில் இயல்பாகிவிட்டது.

அப்படியிருக்கையில் ஒருநாள் காலை பாத்திகளில் எண்பத்தெட்டு விளைந்தது.

ஊர் அதை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டது. எழுபத்து மூன்றைவிட எண்பத்தெட்டு பெரிது; ஆகவே இது இன்னும் சிறப்பான வாழ்த்து என்று முடிவுசெய்து, காலையிலிருந்தே ஒருவருக்கொருவர் தாராளமாக வழங்கத் தொடங்கினார்கள். தபால்காரர் தம் பகுதி முழுவதற்கும் அதைச் சொல்லி முடித்திருந்தார். பதினொரு மணியளவில் அரியநாயகம் தேநீர்க்கடையை விட்டுக் கிளம்பும்போது, பெஞ்சியில் இருந்த நீலமேகத்தின் தோளைத் தட்டி, "வாரேன் தம்பி, எண்பத்தெட்டு" என்றார்.

நீலமேகத்தின் கையிலிருந்த டம்ளர் நழுவிற்று.

"அண்ணாச்சி, அதை இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"ஏம்ல? பெரிய வணக்கம்தானே? ஊரு பூராம் சொல்லிட்டுல்லா வாரேன்."

"அது வணக்கம் இல்ல அண்ணாச்சி. எங்காளுக பாஷையில அது… அன்பும் முத்தமும்."

அரியநாயகம் மெல்லப் பெஞ்சியில் உட்கார்ந்தார்.

"பேங்கு மேனேஜருக்குச் சொல்லிட்டனே, பாவி."

"அவரு என்ன சொன்னாரு அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"உங்களுக்கும் அப்படியேன்னாரு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியபின் அரியநாயகம் கேட்டார்: "அதெல்லாம் கிடக்கட்டும். நீ யாருக்குல சொன்னே?"

நீலமேகம் ‘அது வந்து’ என்று தொடங்கினான். அவ்வாறு தொடங்கிய எந்த வாக்கியத்தையும் அவன் தன் வாழ்நாளில் முடித்ததில்லை என்பதால் ஊர் பொறுமையாகக் கேள்விகளைக் கேட்டு, சொல் சொல்லாக அவனிடமிருந்து பிடுங்கியது. அவள் பெயர் உமையாள். அந்தமானில் குடியேறிய இராமநாதபுரத்துக் குடும்பத்துப் பெண். தீவு தீவாகப் படகில் போய் ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். அவளும் வானொலிக்காரி. நான்கு ஆண்டுகளாக மாலைதோறும் பேசுகிறார்கள். எந்த ஆடு எத்தனை குட்டி போட்டது என்று அவள் சொல்வாள். எந்த லாரி எவ்வளவு ஏற்றியது என்று இவன் சொல்வான். மற்ற வானொலிக்காரர்கள் எல்லாரும் மரியாதையின் பொருட்டு, உங்கள் குரல் மிக நன்றாக வருகிறது என்றே கூறுவது வழக்கம். அவள் ஒருத்திதான் முதல்நாளே, "நீலமேகம் சார், உங்க சிக்னல் ரொம்ப அழுக்கா வருது, பாத்துக்குங்க" என்று உண்மையைச் சொன்னாள். அன்றுமுதல் அவனுக்கு வேறு யாருடைய பாராட்டும் இனிக்கவில்லை.

"அப்ப எண்பத்தெட்டு அவளுக்குப் போய்ச் சேந்துதா இல்லியா?" என்றார் அரியநாயகம்.

"எங்க சேரும்? இங்க உங்க வாய்லல்லா வந்து விழுந்திருக்கு."

அதற்கு அடுத்த மாலை உமையாள் ஒரு செய்தி சொன்னாள். அவளுக்கு மாற்றல் வந்துவிட்டது. வடக்கே எங்கோ ஓர் ஊர். விடுதியில் தங்க வேண்டும், அங்கே கம்பம் நட அனுமதி இல்லை. திங்கட்கிழமை கம்பத்தை இறக்கிவிடுவார்கள். ஞாயிறு மாலைதான் கடைசிப் பேச்சு. தீவில் தொலைபேசி இல்லை. கடிதம் எழுதலாமென்றால் தீவுக்குக் கப்பல் போவதற்குள் அவள் போய்விட்டிருப்பாள். போகும் இடத்து முகவரி இன்னும் அவளுக்கே தெரியாது.

நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியின் திறனைக் கூட்டும் குமிழை முழுவதுமாகத் திருப்பி, பொத்தானை அழுத்தி, "உமையாள், என்னைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா? ஓவர்" என்றான். மெல்லிய கம்பியிடம் கூடுதலாகக் கேட்டால் கூடுதலாக வருவதில்லை. உள்ளதும் வழியில் கரைந்துபோகும். முள் பத்திலிருந்து ஒன்பதுக்கு விழுந்தது. அவன் மும்முறை கேட்டான். மும்முறையும் அது கடலைத் தாண்டவில்லை.

"சார், அப்பளம் பொரியிற சத்தம்தான் வருது" என்றாள் உமையாள். "என்னமோ கேக்குறீங்க, அது மட்டும் தெரியுது. என்னன்னு சத்தியமா விளங்கலை. இங்க நிக்கிற ஆட்டுக்கும் விளங்கலையாம். ஞாயித்துக்கிழமை பாப்போம். எழுபத்து மூணு."

அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் விளங்கிற்று. மறுநாள் அரியநாயகம் வீட்டு ரசத்தில் ‘உமையாள்’ என்று கேட்டது, சிவன்கோயில் புளியோதரையில் ‘என்னை’ என்று கேட்டது, மாதா கோயில் அசன விருந்துக்குக் கிண்டிய பெரிய அண்டாவிலிருந்து ‘திருமணம்’ என்ற சொல் பந்தி முழுவதற்கும் எட்டுமாறு முழங்கியது, ‘செய்துகொள்ள’ பள்ளிவாசல் தெருவில் ஒரு பிரியாணிச் சட்டியில் வெந்தது, இட்லிக்கடைச் சட்னி மட்டும் காலை முழுவதும், வந்தவர் போனவர் அனைவரையும், "சம்மதமா? ஓவர்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நண்பகலுக்குள் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரோடு பேசி வாக்கியத்தைக் கூட்டிவிட்டார்கள். யாருக்காக அது சொல்லப்பட்டதோ அவள் ஒருத்தியை விட்டுவிட்டு உவர்த்துறை முழுவதும் அதைத் தின்று சீரணித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை எடைமேடையில் ஊர் கூடியது. முதலில் எழுந்தவர் அரியநாயகம்.

"பய கல்யாணத்துக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா ஒண்ணு யோசிங்க. சிக்னல் சுத்தமாயிட்டா உப்பு ஊமையாயிரும். ‘மன்னிக்கவும்’ உப்பு இருக்கான்னு கேட்டு மதுரைலேர்ந்து லாரி வந்து நிக்கி. அதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"நீங்களே சொல்லுங்க" என்றாள் ராஜகனி, கூட்டத்தின் மறுபக்கத்திலிருந்து. "கட்டிக்கிட்ட நாளா ஒரு தடவையாவது அதை உங்க வாயால சொல்லியிருக்கியளா? அந்தப் பய குரலைத்தான் மோர்ல கரைச்சு கரைச்சு ஊத்துனிய. தெரிஞ்சுக்கிடுங்க, நான் இத்தனை நாளும் மன்னிச்சது அவனைத்தான். உங்க கணக்கு அப்படியே நிலுவையில நிக்கி."

பெண்கள் சிரித்தார்கள், ஆண்களில் பலர் தத்தம் காலணிகளைப் பார்த்தார்கள். அரியநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, வோல்ட்டேஜுதானே? நம்ம கொடுப்போம்" என்று கூறி அமர்ந்தார். நீலமேகம் எழுந்து, "அது வந்து… வோல்ட்டேஜு மட்டும் இல்ல அண்ணாச்சி…" என்றான். ஆனால் கூட்டம் அதற்குள் கைதட்டிவிட்டது.

சனிக்கிழமை காலை அவன் வீட்டுப் புறக்கடைக்குப் பேட்டரிகள் ஊர்வலமாக வந்தன. ஆட்டோவிலிருந்து கழற்றியது, டிராக்டரிலிருந்து கழற்றியது, திரையரங்கத்தின் அவசர விளக்குக்கு உரியது, மீன் ஐஸ் வண்டிக்கு உரியது, யாரிடம் எப்போது இருந்தது என்று யாருக்கும் நினைவில்லாத துருப்பிடித்தது ஒன்று. எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வந்தன. புதியதையும் பழையதையும் ஒன்றாகப் பிணைத்தால் பழையது புதியதைக் குடித்துவிடும் என்பது நீலமேகத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சுமந்துகொண்டு வந்து வியர்வையைத் துடைத்தபடி நிற்பவர்களிடம் வேண்டாமென்று எப்படிச் சொல்வது? அனைத்தையும் பிணைத்தான். முள் ஒரு கணம் பெருமையாக எழுந்தது. பிறகு டிராக்டர் பேட்டரி ஆட்டோ பேட்டரியைக் குடித்தது, துருப்பிடித்தது டிராக்டரைக் குடித்தது, மாலைக்குள் அவை ஒன்றையொன்று குடித்துத் தீர்த்து, நீலமேகத்தின் பேட்டரியையும் வற்றவைத்துவிட்டு, கல்யாண வீட்டில் உண்டு களைத்த சம்பந்திகளைப் போல் வரிசையாகக் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது முள் எட்டில் இருந்தது. புறக்கடை முழுவதும் ஆட்கள் நின்றார்கள்.

"ஏல நீலமேகம், இதுக்கு ஒரு வழியும் இல்லியா?" என்று ராஜகனி கேட்டாள்.

"இருக்கு மைனி. அது வந்து…"

"வந்து வந்துன்னு அது வந்து சேரதுக்குள்ள அந்தப் பொண்ணு வடக்க போயிருவா. சொல்லித் தொலை."

நீலமேகம் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னான். பேட்டரி மாடியில், பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கம்பி ஒரு முழத்துக்கு மேல் நீளக் கூடாது, விரல் பருமன் இருக்க வேண்டும். இது முதல்நாளிலிருந்தே தனக்குத் தெரியும். வாய்க்காலைப் பற்றித்தான் சொல்கிறான் என்று உப்பளத்து ஆட்களுக்கு உடனே புலப்பட்டது. இவ்வளவு தெரிந்தவன் இத்தனை காலம் ஒரு சாண் வாய்க்காலில் ஏன் இறைத்துக்கொண்டிருந்தான் என்பதுதான் புலப்படவில்லை. அப்போது அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு தங்கபுஷ்பம் வந்து படியில் நின்றாள். ஊர் அவளைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, எல்லாம் விளங்கிற்று.

"கேளுல" என்றாள் ராஜகனி.

முருங்கை மரத்தைச் சுற்றியிருந்த அந்த மெல்லிய கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு அவன் சொன்னான்:

"எம்மா, பேட்டரியை மாடியில சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கணும். வச்சிக்கிடட்டுமா?"

அந்த வாக்கியம் அதன் தொடக்கத்தில் தொடங்கி அதன் முடிவில் முடிந்தது. இடையில் எதுவும் சிந்தவில்லை.

"வையி" என்றாள் தங்கபுஷ்பம்.

அவ்வளவுதான். அவன் நம்பாமல் நின்றான். "நீதானேம்மா வைக்கக் கூடாதுன்னே?"

"சொன்னேன். புடவை போன வயித்தெரிச்சல்ல அன்னிக்குச் சொன்னேன். மறுநாள் கேட்டிருந்தா சரின்னிருப்பேன். நீ கேக்கவே இல்லியே ராசா. விறகுக் கொட்டகைக்கும் மாடிக்கும் நீ நடக்கதைப் பாத்து, இவன் எப்பம் கேப்பான் எப்பம் கேப்பான்னு நானும் இருந்துக்கிட்டே இருக்கேன். பெத்தவகிட்ட ஒரு பேட்டரிக்கு வாய் தொறக்காதவன் அந்தப் பொண்ணுகிட்ட என்னத்தைக் கேட்டுக் கிழிக்கப் போறான்னு நெனச்சேன். இப்பம் கேட்டுட்டேல்லா? போ, தூக்கு."

இடம் கிடைத்துவிட்டது, ஆனால் வற்றிப்போன பேட்டரிக்கு மாலைக்குள் மின்னூட்ட வேண்டும். உப்பளத்து மோட்டார்கள் ஓடும் பகல்களில் உவர்த்துறையின் மின்சாரம் எப்போதும் குற்றுயிராகத்தான் இருக்கும். விளக்குகள் பழுத்த பனம்பழத்தின் நிறத்தில் எரியும். அந்த மின்சாரத்தில் பேட்டரி நிரம்பச் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும். எல்லாரும் அரியநாயகத்தைப் பார்த்தார்கள், ஏனென்றால் மோட்டார்களில் பாதி அவருடையவை. வெயில் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் ஒரு பகல் முழுவதும் பாத்திக்கு நீர் பாய்ச்சாமல் இருப்பது எந்த உப்பு வியாபாரியும் செய்யும் காரியமல்ல. அவர் ராஜகனியைப் பார்த்தார். ராஜகனி வானத்தைப் பார்த்தாள்.

"மோட்டாரை நிறுத்துங்கல!" என்று அரியநாயகம் கூவினார்.

மோட்டார்கள் நின்றன. அதைக் கண்டு மாவு அரைக்கும் ஆலை நின்றது; ஐஸ் கம்பெனி நின்றது; திரையரங்கத்தில் பகல்காட்சியைப் பாதியில் நிறுத்தி, மீதியை வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள்; கோயில் ஒலிபெருக்கியும் மாதா கோயில் ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன; வீடு வீடாக மின்விசிறிகள் நின்று, மக்கள் விசிறியெடுத்து விசிறிக்கொண்டார்கள். ஊர் தனக்குரிய மின்சாரத்தையெல்லாம் விட்டுக்கொடுக்க, தங்கபுஷ்பம் வீட்டு மாடி விளக்கு பிறந்தது முதல் காணாத வெண்மையில் எரிந்தது. வெல்டிங் பட்டறையிலிருந்து விரல் பருமன் செப்புக்கம்பி வந்தது. சாமி படத்தின் கீழே தங்கபுஷ்பம் சிறு கோலம் போட்டு, மரப்பலகை இட்டு, பேட்டரியை அதன்மேல் அமர்த்தி, சிவப்பு முனைக்கு ஒரு குங்குமப் பொட்டும் கறுப்பு முனைக்கு ஒரு விபூதிக் கீற்றும் வைத்தாள்.

மாலையில் நீலமேகம் பெட்டியின்முன் அமர்ந்து, திறன் குமிழைக் கூட்டாமல் பாதிக்குக் குறைத்து, பொத்தானை அழுத்தினான். முள் பதின்மூன்றே முக்காலில் நின்றது. அழுத்திக்கொண்டே இருந்தான். நின்றுகொண்டே இருந்தது.

அந்நேரம் ஊர் மக்கள் அனைவரும் உப்பளங்களில் இருந்தார்கள். பழக்கத்தின் காரணமாக வேட்டியின் நுனியையும் முந்தானையையும் தாம்பாளத்தையும் சுளகையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கம்பத்தை அண்ணாந்து பார்த்து நின்றார்கள், விழும் சொல்லை விழுந்த இடத்திலேயே பிடித்து ஈரவிரலால் தொட்டு அறிந்துகொள்ளலாம் என்று. கடற்காற்று எழுந்தது, கம்பத்தைக் கடந்தது, பாத்திகளின்மேல் வந்தது, வெறுங்கையோடு வந்தது. ஒரு சொல் விழவில்லை. ஓர் எழுத்து விழவில்லை. நீலமேகத்தின் இருமல் ஒன்றுகூட விழவில்லை. இத்தனை காலமாக அவன் வாயிலிருந்து புறப்பட்ட ஒவ்வொன்றையும் ருசித்து வந்த ஊர், வாழ்வில் அவன் பேசிய மிக முக்கியமான வாக்கியத்தின் ஓசை தெரியாமல் காலி முந்தானையோடு நின்றது.

"என்ன கேட்டான்னே தெரியலியே!" என்று ராஜகனி பதைத்தாள்.

"இங்க கேக்கலன்னா அங்க கேட்டிருக்கும், மூதேவி" என்றார் அரியநாயகம். சொன்ன பிறகுதான், தாம் சொன்னதன் பொருள் அவருக்கே விளங்கி, கையிலிருந்த சுளகைக் கீழே போட்டார்.

காத்திருந்தார்கள். நெடுநேரம் கழித்து மாடியில் தங்கபுஷ்பம் தென்பட்டாள். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு குனிந்தாள்.

"மொதல்ல ஆடு கத்திச்சு!" என்று கூவினாள்.

"பொறவு?"

"கண்ணாடியைத் தொடச்ச மாதிரி கேக்குன்னா! ஒரு தடவை கேட்டா போதும் சார், எதுக்கு அன்னிக்கு மூணு தடவைன்னா!"

"அதுக்குப் பொறவு என்ன அத்தை சொன்னா?" என்று ராஜகனி அழாத குறையாகக் கேட்டாள்.

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையை எடுத்தாள்.

"எண்பத்தெட்டு!"

அரியநாயகத்தின் மோட்டார்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் உறுமின. ஊர் விளக்குகள் மீண்டும் பனம்பழ நிறத்துக்கு மாறின. திரையரங்கத்தில் கதையின் முடிவைக் கேட்டு அறிந்தவர்களே திரும்பவும் போய்ப் பார்த்தார்கள்.

அதன்பின் உவர்த்துறை உப்பு பேசவில்லை. மதுரை லாரிகள் பழக்கம் விட்டுப்போகாமல் வந்து வெறும் உப்பையே ஏற்றிச்சென்றன. அரியநாயகம் ‘மன்னிக்கவும்’ என்பதைத் தம் சொந்தக் குரலில் சொல்லப் பழகினார். தொடக்கத்தில் அது எடை போடச் சொல்வதைப்போல் ஒலித்தது, ராஜகனி இரண்டாம் முறையும் சொல்ல வைத்தாள். எழுபத்து மூன்று மட்டும் ஊரின் வழக்காக நிலைத்துவிட்டது. எண்பத்தெட்டைத் தபால்காரர் அறவே கைவிட்டார்.

வடக்கே போக வேண்டிய உமையாள் அந்த வேலையை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடும், வழியில் விற்க மனமில்லாத ஓர் ஆட்டோடும் கப்பலில் வந்து இறங்கினாள். திருமணம் முடிந்த பகலில் தங்கபுஷ்பம் வீட்டு முற்றத்தில் பந்தி. சாம்பார் இறக்கும் நேரம் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லிவைக்காமலே, ஊரார் மடியிலிருந்து சிறு சிறு பொட்டலங்களை எடுத்தார்கள். அரியநாயகம் தம் வீட்டுச் சிட்டிகையைப் போட்டார். கோயில் குருக்கள் ஒரு சிட்டிகை போட்டார். அசனம் கிண்டியவர்களும் பிரியாணி சமைத்தவர்களும் இட்லிக்கடைக்காரரும் தத்தம் பங்கைப் போட்டார்கள். ஒவ்வொரு வீடும் அந்த வாக்கியம் விளைந்த வாரத்து உப்பில் ஒரு கல்லை மிச்சம் வைத்திருந்தது. தங்கபுஷ்பம் கலக்கி, முதல் கரண்டியை மருமகளின் இலையில் ஊற்றினாள்.

பல அடுப்புகளில் சிதறிக் கிடந்த வாக்கியம் ஓர் இலையில் ஒன்று சேர்ந்தது.

"உமையாள்" என்றது சாம்பார், நடுங்கும் குரலில், "என்னைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா? ஓவர்."

பந்தி முழுவதும் கையை நிறுத்தியது. நீலமேகம் காதுவரை சிவந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். உமையாள் குனிந்து சோற்றோடு சாம்பாரைப் பிசைந்து, ஒரு வாய் உண்டு, நன்றாக மென்று விழுங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் இலைக்கே பதில் சொன்னாள்:

"எல்லாத்துக்கும் சம்மதம். உப்புதான் ஒரு கல்லு கூடிப்போச்சு. ஓவர்."